பதினெட்டு வயதுக்குப் பின் யார் துணை?
(குடும்பமாக அமர்ந்து படிக்க ஒரு பாடம்)

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்" என்பது நம் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லும் பழமொழி. நம்மவர்கள் இதைச் சொல்லோடு விட்டுவிடுவதில்லை. பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும், பெரியவர்களின் நினைவு நாளுக்கும் அருகிலுள்ள குழந்தைகள் இல்லத்திற்கு ஒரு வேளைச் சாப்பாடு கொடுக்கும் குடும்பங்கள் மட்டாஞ்சேரியிலும் உண்டு, தோப்பும்படியிலும் உண்டு. நல்ல வழக்கம்தான். ஆனால் நாம் ஊட்டிய அந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் பதினெட்டு வயது நிறைகிறது. சட்டத்தின் கணக்கில் அன்று முதல் அவன் குழந்தை அல்ல. மறுநாள் காலையில் அவன் எங்கே போவான், எங்கே படிப்பான், யார் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியே இந்த இதழின் பாடம்.

ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இது புரியாத செய்தி அல்ல. கொச்சிக்கு முதலில் வந்த நம் முன்னோர் பலருக்கு இங்கே ஒரு மாமனோ, சித்தப்பாவோ, அதுவும் இல்லையென்றால் அதே ஊர்க்காரர் ஒருவரோ இருந்தார். அவர் படுக்க இடம் கொடுத்தார். கடையிலோ துறைமுகத்திலோ வேலைக்குச் சொல்லிவிட்டார். வீட்டு வாடகைக்கு ஜாமீன் நின்றார். பிறகு நாம் நம் தம்பியை அழைத்து வந்தோம். இப்படி ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் நம் குடியிருப்புகள் உண்டாயின. இல்லத்தில் வளர்ந்த பிள்ளையிடம் படிப்பு இருக்கலாம், ஒழுக்கம் இருக்கலாம், உழைக்கும் மனம் இருக்கலாம். பிடித்துக்கொள்ள அந்த ஒரு கைதான் இல்லை.

1. யாரைப் பற்றிப் பேசுகிறோம்?

இவர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம்.

முதல் வகை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி இல்லங்களில் தங்கி வளர்ந்தவர்கள். அரசு நடத்தும் இல்லங்களும் உண்டு. தொண்டு நிறுவனங்களும் சமய சபைகளும் நடத்துபவையும் உண்டு. நமக்குப் பக்கத்தில் பள்ளுருத்தியில் டான் போஸ்கோ சபையினரின் சினேக பவன் இருக்கிறது. ஆலுவாவில் எஸ்.ஓ.எஸ். குழந்தைகள் கிராமம் இருக்கிறது.

இரண்டாம் வகை, வளர்ப்புக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள். இதைத் தத்தெடுத்தலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தத்துப் பிள்ளை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளை, சொத்துரிமையும் உண்டு. வளர்ப்புப் பராமரிப்பு என்பது குழுவின் ஆணையின்பேரில் ஒரு குடும்பம் பிள்ளையைக் குறிப்பிட்ட காலம் வைத்துப் பார்த்துக்கொள்வது. காலம் முடிந்தால் சட்ட உறவும் முடியும்.

மூன்றாம் வகை, தாய் தந்தையை இழந்து பாட்டி வீட்டிலோ மாமன் வீட்டிலோ வளர்பவர்கள். நம்மவர்களில் இவ்வகையே அதிகம் கண்ணில் படும். இவர்கள் "இல்லத்துப் பிள்ளைகள்" அல்ல என்பதால் உதவித் திட்டங்களைப் பற்றி உறவினர்கள் விசாரிப்பதே இல்லை.

2. சட்டம் என்ன சொல்கிறது?

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் பதினெட்டோடு கதவை அடைத்துவிடவில்லை. இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்கு 21 வயது வரை உதவி செய்வதைப் "பிற்காப்பு" என்று அது குறிக்கிறது. அலுவலகங்களில் "ஆஃப்டர் கேர்" என்று கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். சட்டத்தின் 46-ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. 2016-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளில் 25-ஆம் விதி இதை விரிவாகச் சொல்கிறது:

- பிற்காப்பு 21 வயது வரை. விதிவிலக்கான சூழ்நிலை இருந்தால் மேலும் இரண்டு ஆண்டுகள், அதாவது 23 வரை.
- ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து தங்கும் தற்காலிகக் குழு வீடுகள்.
- தொழில் பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, மேற்படிப்புக்கு ஸ்காலர்ஷிப்.
- திறன் பயிற்சிக்கும் வேலைக்கும் ஏற்பாடு.
- வழி சொல்ல ஓர் ஆலோசகர்.
- சொந்தத் தொழில் தொடங்க விரும்பினால் கடன், மானியத்திற்கு ஏற்பாடு.

2022-இல் வெளியான மிஷன் வாத்சல்யா வழிகாட்டுதல்களின்படி பிற்காப்பில் இருப்பவருக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி. இது அவருடைய சொந்த வங்கிக் கணக்கிற்கே போக வேண்டும்.

இங்கே இரண்டு நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று: 46-ஆம் பிரிவின் வாசகம் "அளிக்கலாம்" என்பதே, "அளிக்க வேண்டும்" என்பதல்ல. ஆகவே கேட்பவருக்குத்தான் கிடைக்க வாய்ப்பு. கேட்காதவரை யாரும் தேடி வரமாட்டார்கள். மற்றொன்று: சட்டத்தின் விளக்கம் "இல்லத்தை விட்டு வெளியேறியவர்" என்றே பேசுகிறது. வளர்ப்புக் குடும்பத்தில் இருந்து பதினெட்டை எட்டும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு என்பதை, பராமரிப்பு ஆணை முடிவதற்கு முன்பே குழுவிடம் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

3. நாள் கணக்கு முக்கியம்

விதிகளின்படி, பிள்ளை இல்லத்தை விட்டுப் போவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, அவனுக்குரிய பிற்காப்புத் திட்டத்தை அலுவலர் தயாரித்துக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் என்பது அலுவலகத்துக்குப் போதும். பிள்ளைக்குப் போதாது.

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். பிளஸ் டூ படிக்கிறாள். அவளுக்குப் பதினெட்டு நிறைவது டிசம்பரில், பரீட்சையோ மார்ச்சில், கல்லூரிச் சேர்க்கை ஜூன், ஜூலையில். அதாவது பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் "இனி எங்கே தங்குவேன்" என்ற கவலையும் சேர்ந்துகொள்கிறது. பரீட்சையும் சேர்க்கையும் முடியும் வரை எங்கே தங்குவாள் என்பதை டிசம்பருக்கு முன்பே எழுத்தில் முடிவு செய்யாவிட்டால், நல்ல மதிப்பெண் வாங்கக்கூடிய பிள்ளை வழியிலேயே நின்றுவிடும்.

பணக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். மாதம் 4,000 என்றால் ஆண்டுக்கு 48,000. மூன்று ஆண்டுகளுக்கு 1,44,000. கேரளத்தில் 2024 முதல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு விலகலாம். நான்காம் ஆண்டும் படித்தால் ஆனர்ஸ். பொறியியலும் நான்கு ஆண்டுகளே. பதினெட்டில் சேர்ந்தவள் படிப்பை முடிக்கும்போது இருபத்திரண்டு ஆகிவிடும். ஆனால் சாதாரண பிற்காப்பு இருபத்தொன்றோடு நின்றுவிடும். கடைசி ஆண்டில், புராஜெக்ட்டும் பரீட்சைக் கட்டணமும் வரும் நேரத்தில், பணம் நிற்கும். அந்த இரண்டு ஆண்டு நீட்டிப்பை இருபது வயதிலேயே கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

4. கல்லூரிக்குப் போகத் தேவையானவை

கட்டணத்தைவிடக் காகிதமே பல பிள்ளைகளை வாசலில் நிறுத்துகிறது. பெற்றோர் இருக்கும் வீட்டில் அப்பா வில்லேஜ் ஆபீசுக்குப் போய் வாங்கி வரும் சான்றிதழை இவர்களுக்கு யார் வாங்கித் தருவார்? பதினாறு வயதிலிருந்தே கீழ்க்கண்டவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைக்க வேண்டும்:

(அ) பிறப்புச் சான்றிதழ்.
(ஆ) ஆதார், அதிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்தல்.
(இ) தன் பெயரில் வங்கிக் கணக்கு.
(ஈ) குழந்தைகள் நலக் குழுவின் ஆணைகளின் நகல். இதுவே தலையாயது, பராமரிப்பில் வளர்ந்தவர் என்பதற்குச் சான்று இதுதான்.
(உ) வருமானம், இருப்பிடம், சாதி ஆகியவற்றில் கிடைக்கக்கூடிய சான்றிதழ்கள்.
(ஊ) பள்ளி மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கேரளத்தில் மீட்கப்பட்ட பிள்ளையின் சொந்த ஊர் தமிழ்நாட்டில் என்று தெரிந்தால், சட்டத்தின் 95-ஆம் பிரிவின்படி, பிள்ளையின் நலனுக்கு ஏற்றதென்று கண்டால், அந்த மாவட்டக் குழுவிடம் மாற்றலாம். ஐந்தாம் வகுப்பு வரை மலையாளத்தில் படித்த பிள்ளை திடீரென்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் உட்காரும். உதவித் திட்டங்களிலும் மாநில எல்லை குறுக்கே வரும். தமிழ்நாட்டின் புதுமைப் பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024) திட்டங்களில் கல்லூரி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் படித்தவர்களுக்கென்றே அவை வகுக்கப்பட்டன. மட்டாஞ்சேரியில் படித்துவிட்டுக் கோயம்புத்தூர்க் கல்லூரியில் சேரும் பிள்ளை அதை நம்பி இருக்க முடியாது. எந்த மாநிலத்தில் எந்த வகுப்பு என்று முன்கூட்டியே பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷனின் சினேகபூர்வம் என்ற திட்டம் உண்டு. பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்து, ஏழ்மையில் இருக்கும் மாணவருக்கு வகுப்பைப் பொறுத்து மாதம் 300 முதல் 1,000 ரூபாய் வரை நிர்ணயித்திருக்கிறார்கள், பட்டப்படிப்புக்கு 1,000. விண்ணப்பம் பள்ளி அல்லது கல்லூரித் தலைவர் வழியே போகும். தொகை சிறிதுதான். பஸ் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

கல்விக் கடன் என்றால், பெற்றோரோ காப்பாளரோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திடுவது வங்கிகளின் வழக்கம். கையெழுத்திட ஆள் இல்லாத பிள்ளை அங்கேயே திரும்பிவிடுகிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டம், குறிப்பிட்ட தரமுள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாத கடனுக்கு வழி செய்தது. ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே அது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

மராட்டிய மாநிலம் ஒரு படி மேலே போனது. 2018-இல் ஆதரவற்ற பிள்ளைகளுக்குக் கல்வியிலும் அரசு வேலையிலும் ஒரு சதவீதம் ஒதுக்க முடிவு செய்தது. சாதிச் சான்றிதழ் பெற வழியில்லாத பிள்ளை பொதுப் போட்டியில் பின்தங்குவதை அந்த அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது.

5. தொழில் பழகுவதற்கு

பட்டம் மட்டும் வேலை தருவதில்லை. "முன் அனுபவம் உண்டா?" என்ற கேள்வி வரும். நம் பிள்ளைகளுக்கு லீவு நாட்களில் பெரியப்பாவின் ஆடிட்டர் ஆபீஸ் இருக்கிறது, அத்தை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி இருக்கிறது. "போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்" என்று அனுப்புகிறோம். இப்போது இதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். பெரியப்பா இல்லாதவனுக்கு இதை யார் தருவது?

சட்டம் தரும் ஒரு வழி, 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம். இதன்படி அப்ரண்டிஸ் ஆகச் சேர்பவருக்கு நிறுவனம் மாத உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்றுத்தர வேண்டும். பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் உண்டு. நம் கண்ணெதிரே இருக்கும் கொச்சி கப்பல் கட்டும் தளம் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும், டிப்ளமோ, பட்டம் பெற்றவர்களையும் அப்ரண்டிஸ்களாக எடுத்து வருவது நமக்குத் தெரிந்ததே. டிப்ளமோவும் பட்டமும் பெற்றவர்கள் அப்ரண்டிஸ் இடங்களைப் பற்றிக் களமசேரியிலுள்ள சூப்பர்வைசரி டெவலப்மென்ட் சென்டரில் விசாரிக்கலாம். தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் உள்ளது.

2024 அக்டோபரில் முன்னோட்டமாகத் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், 21 முதல் 24 வயது வரை உள்ளவர்களுக்குப் பெரிய நிறுவனங்களில் ஓராண்டுப் பயிற்சியும் மாதம் 5,000 ரூபாயும் என்று அறிவித்தது. முழுநேரம் படிப்பவருக்கு அப்போது அதில் இடமில்லை என்றது. பிற்காப்பு முடியும் வயதும் இதில் சேரும் வயதும் ஒன்றையொன்று தொடுவதைக் கவனியுங்கள். இத்தகைய திட்டங்களின் விதிகள் அவ்வப்போது மாறும். விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியைப் படித்துச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

6. பிற நாடுகளில் செய்தது

அமெரிக்காவில் 1999-இல் ஒரு சட்டம் இயற்றி, பராமரிப்பை விட்டு வரும் இளைஞர்களுக்கென்று தனி நிதி ஒதுக்கினார்கள். பின்னர் கல்லூரிச் செலவுக்கு ஆண்டுக்கு 5,000 டாலர் வரை உதவி சேர்ந்தது. கலிஃபோர்னியாவில் புல்லர்ட்டன் பல்கலைக்கழகம் 1998-இல் இவர்களுக்கென்றே ஒரு கல்வித் திட்டம் தொடங்கியது. 2003 முதல், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த கல்லூரி மாணவர்களை வாஷிங்டன் நாடாளுமன்ற அலுவலகங்களில் கோடைக்கால இன்டர்ன்களாக அமர்த்தினார்கள். அம்மாணவர்கள் தாங்கள் பட்ட அனுபவத்திலிருந்து எதை மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதி உறுப்பினர்கள் முன் வைத்தார்கள். உதவி பெறுபவரே யோசனை சொல்பவராகவும் ஆனார்.

இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தது. வளர்ப்புக் குடும்பமும் பிள்ளையும் விரும்பினால், பதினெட்டுக்குப் பிறகும் 21 வரை அதே வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். உள்ளாட்சி அதற்கு ஆதரவு தர வேண்டும். பணத்தைவிட, பழகிய வீடே பெரிய உதவி என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

7. நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

காக்கநாட்டில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. பிற்காப்புக்கு உதவ முன்வரும் நிறுவனங்கள், தனிநபர்கள் ஆகியோரின் பட்டியலை இந்த அலகு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பட்டியலில் நம் சங்கத்தின் பெயரும் ஏறலாம். என்ன தர முடியும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்:

- பஜாரில் கடை வைத்திருப்பவர்: கணக்கு, சரக்கு, ஏற்றுமதிக் காகித வேலை கற்க இரண்டு மாத இடம்.
- ஃபோர்ட் கொச்சியில் விடுதி நடத்துபவர்: வரவேற்பு, சமையல், பராமரிப்பில் பயிற்சி.
- வங்கி, துறைமுகம், கப்பல் தளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்: விண்ணப்பம் நிரப்பவும் நேர்முகத் தேர்வுக்குத் தயார் செய்யவும் மாதம் இரண்டு மாலை.
- ஆசிரியர்: தமிழிலிருந்து மலையாளத்துக்கோ, மலையாளத்திலிருந்து ஆங்கிலத்துக்கோ தடுமாறும் பிள்ளைக்குப் பாடம்.
- இல்லத்தரசி: ஓணத்துக்கும் பொங்கலுக்கும் விடுதி மூடும் நாட்களில் சாப்பிடவும் தங்கவும் ஒரு வீடு.

கடைசியாகச் சொன்னதைச் சிறிதென்று எண்ண வேண்டாம். லீவு விட்டதும் விடுதியே காலியாகும். எல்லோரும் ஊருக்குப் போவார்கள். போக ஊர் இல்லாதவள் என்ன செய்வாள்? அதற்கு அரசாங்கத் திட்டத்தில் தலைப்பு இல்லை.

8. கவனிக்க வேண்டியவை

பயிற்சி என்ற பெயரில் வேலை வாங்கக் கூடாது. பதினான்கு வயதுக்குட்பட்டவரை வேலையில் அமர்த்துவதும், பதினெட்டுக்குட்பட்டவரை ஆபத்தான வேலையில் அமர்த்துவதும் சட்டப்படி குற்றம். வயது நிறைந்தவருக்கும் நேரம், உதவித்தொகை, கற்றுத்தரும் விஷயம் ஆகியவற்றை முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும்.

எந்தப் பிள்ளையையும் நேரே அழைத்து வரக் கூடாது. எல்லாம் குழுவின் அல்லது மாவட்ட அலகின் வழியாகவே நடக்க வேண்டும். அவர்கள் நம்மைப் பற்றி விசாரிப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளலாகாது. அது பிள்ளைக்குக் காவல்.

பெயரையும் படத்தையும் வெளியிடக் கூடாது. பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 74-ஆம் பிரிவு தடை செய்கிறது. மேடையில் நிறுத்திச் சால்வை போர்த்திப் படம் எடுப்பதை நம் சங்க விழாக்களில் தவிர்ப்போம். "அநாதை" என்ற சொல்லையும் நம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடுவோம். பதினெட்டைத் தாண்டியவர் நம்மிடம் தேடுவது இரக்கத்தை அல்ல. நம்பி ஒரு வேலையை ஒப்படைப்பவரை.

தொடங்கினால் விட்டுவிடக் கூடாது. வாழ்க்கையில் பலர் வந்து போவதைப் பார்த்த பிள்ளைக்கு, ஒரு மாதம் வந்து மறைந்துபோகும் மாமாவைவிட வராத மாமாவே மேல். மூன்று ஆண்டு முடியும் என்று தெரிந்தால் மட்டும் முன்வாருங்கள். முடியாதவர் பணமாகவோ பொருளாகவோ கொடுக்கலாம், அதுவும் தேவைதான்.

9. கலந்து பேசச் சில கேள்விகள்

1. நமக்குத் தெரிந்த குடும்பங்களில் உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை உண்டா? அப்பிள்ளையின் பெயரில் எந்த உதவித் திட்டத்திற்காவது விண்ணப்பித்திருக்கிறார்களா?
2. நாம் கொச்சிக்கு வந்தபோது நமக்குக் கை கொடுத்தவர் யார்? அவர் செய்தவற்றில் எதைப் பணத்தால் வாங்கியிருக்க முடியும், எதை முடியாது?
3. நம் தொழிலில், ஒன்றும் தெரியாமல் வரும் ஓர் இளைஞருக்கு இரண்டு மாதத்தில் எதைக் கற்றுத்தர முடியும்? ஐந்து வரிகளில் எழுதுங்கள்.
4. பண்டிகை நாளில் நம் இலையோடு இன்னோர் இலை போடுவதில் நம் வீட்டுப் பிள்ளைகளின் கருத்து என்ன? அவர்களையே கேளுங்கள்.

மூன்றாம் கேள்விக்கு எழுதிய விடைகளைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தால், அவற்றையே தொகுத்துக் காக்கநாட்டு அலுவலகத்தில் சேர்க்கும் முதல் பட்டியலாக ஆக்கிக்கொள்ளலாம்.